தீயை அளந்த பேராசிரியர்

அடுப்பில் எரியும் தீயை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆயின், எஞ்சினின் உருளைக்குள்ளே ஒரு நொடியின் சிறு கூறில் தோன்றி மறையும் தீயைக் கண்டவர் எவர்? கண்ணுக்கு எட்டாத அத்தீயைக் கருவிகொண்டு அளந்து, அதன் இயல்பை உலகுக்கு உணர்த்திய அறிஞருள் முன்வரிசையில் நிற்பவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்ட்ராம் ஹாப்கின்சன் ஆவார். பிள்ளைகள் பலர் பொறியியல் பயிலும் இந்நாளில், அவருடைய வரலாறு நம் குடும்பங்கள் அறியத்தக்க ஒன்றாகும்.

அவர் 1874-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை ஜான் ஹாப்கின்சன் பெயர்பெற்ற மின்பொறியியல் வல்லுநர். எனினும் மைந்தர் தந்தையின் வழியை முதலில் மேற்கொண்டாரல்லர். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று, பின்னர்ச் சட்டத்துறையில் புகுந்து வழக்குரைஞரானார். 1898-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பேரிடி ஒன்று அக்குடும்பத்தைத் தாக்கிற்று. சுவிட்சர்லாந்தில் மலையேறச் சென்ற தந்தையும், உடன்பிறந்தார் மூவரும் ஒரே நாளில் மாண்டனர். அத்துயரின் நடுவே பெர்ட்ராம் வழக்குமன்றத்தை விட்டு, தந்தையின் பொறியியற் பணியைத் தம் தோளில் ஏற்றார். மின்சார டிராம் வண்டித் திட்டங்களில் சில ஆண்டுகள் உழைத்தார். 1903-இல், தம் இருபத்தொன்பதாம் வயதிலேயே, கேம்பிரிட்ஜின் இயந்திரவியல் பேராசிரியராகத் தெரிவு செய்யப்பெற்றார். அவர் தந்தையின் நினைவாகக் குடும்பத்தார் வழங்கிய பொருளால் விரிவுபெற்ற ஆய்வுக்கூடமே அவருடைய பணிக்களமாயிற்று.

அவர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று, வாயுவும் காற்றும் கலந்து வெடிக்கும் வகை. மூடிய கலம் ஒன்றில் நிலக்கரி வாயுவையும் காற்றையும் நிரப்பி, உள்ளே பல இடங்களில் நுண்ணிய பிளாட்டினக் கம்பிகளைப் பொருத்தினார். வெப்பம் ஏற ஏறக் கம்பியின் மின்தடையும் ஏறும். அதைக்கொண்டு அவ்வவ்விடத்து வெப்பநிலையை அறியலாம். 1906-இல் வெளியிட்ட அவ்வாய்வு வியப்புக்குரிய உண்மை ஒன்றைக் காட்டிற்று. கலம் முழுதும் எரிந்து முடிந்த பின்னும் உள்ளே வெப்பம் ஒருசீராக இல்லை. பொறி பட்டு முதலில் எரிந்த நடுப்பகுதி, இறுதியில் எரிந்த பகுதியைவிடப் பல நூறு பாகை மிகுந்திருந்தது. காரணம் யாதெனின், முதலில் எரிந்த வாயுவைப் பின்னர் எரியும் வாயு விரிந்து நெருக்குகிறது. நெருக்குண்ட வாயு மேலும் சூடேறுகிறது.

எஞ்சினுள் எழும் அழுத்தத்தை அளக்க, ஒளியைக் கொண்டு இயங்கும் கருவி ஒன்றையும் அவர் அமைத்தார். அழுத்தத்தால் சிறு கண்ணாடி ஒன்று சாய, அதில் பட்டு மீளும் ஒளிக்கதிர் அழுத்தத்தின் ஏற்றத்தாழ்வைக் கோடாக வரையும்.

வண்டியோட்டிகள் 'நாக்கிங்' என்று கூறும் எஞ்சின் தட்டல், பொறி பட்டபின் உருளைக்குள் எழும் கடுவேக அழுத்த அலையின் விளைவு என்றும், எரிபொருள் காலத்திற்கு முன்னரே தானாகப் பற்றிக்கொள்வது வேறு குறை என்றும் அவர் பிரித்துணர்ந்தார். மாணவர் ஹாரி ரிக்கார்டோவின் கூர்மதியைக் கண்டு, அவரையும் எஞ்சின் ஆராய்ச்சியில் ஈடுபடுத்தினார். அந்த ரிக்கார்டோவே பின்னாளில் எஞ்சின் அமைப்பில் உலகப் புகழ் எய்தினார். தட்டலின்றி எரியும் தன்மையை வைத்துப் பெட்ரோலைத் தரம் பிரிக்கும் முயற்சியில் ரிக்கார்டோவுடன், போர்க்காலத்தில் ஹாப்கின்சனின் கீழ்ப் பணிபுரிந்த டிசார்டும் சேர்ந்து உழைத்தார். இன்று நாம் காணும் ஆக்டேன் எண்ணும் அத்தகைய தரப்பிரிப்பே.

1910-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1914-இல், வெடிப்பும் குண்டின் மோதலும் விளைவிக்கும் கணநேர அழுத்தத்தை எஃகுத் தண்டின் வாயிலாக அளக்கும் முறையை வெளியிட்டார். 1949-இல் கோல்ஸ்கி என்பார் அத்தண்டை இரண்டாகப் பிரித்து அம்முறையை விரிவாக்கினார். பொருள்கள் திடீர்த் தாக்குதலை எவ்வாறு தாங்கும் என்பதை அறிய, ஆய்வுக்கூடங்கள் இன்றும் 'ஹாப்கின்சன் தண்டை'யே நாடுகின்றன.

முதல் உலகப்போரின்போது அவர் விமானப்படையின் ஆராய்ச்சிப் பணியில் இறங்கினார். விமானிகள் எதிர்கொள்ளும் இடரைத் தாமும் அறிதல் வேண்டும் என்று, நாற்பது வயதைக் கடந்த பின் விமானம் ஓட்டக் கற்றார். 1918 ஆகஸ்டு 26-ஆம் நாள், மார்ட்டில்ஷாம் ஹீத்திலிருந்து இலண்டனுக்குத் தனியே பறந்தபோது, மோசமான வானிலையில் விமானம் வீழ்ந்து உயிர்நீத்தார். வயது நாற்பத்துநான்கு. மனைவியும் புதல்வியர் எழுவரும் அவரை இழந்தனர். தந்தை மலையில் மாண்ட நாளுக்கும் இந்நாளுக்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நிறைந்திருந்தன.

பேராசிரியர் பதவியில் அவர் இருந்தது பதினைந்து ஆண்டுகளே. அதனுள் அவர் செய்தவற்றை எண்ணும்போது இரண்டு செய்திகள் நம் நெஞ்சில் நிற்கின்றன. ஒன்று, முதலில் தேர்ந்த தொழிலே முடிவான தொழில் அன்று. கணிதமும் சட்டமும் கற்றவர் பொறியியலில் தலைசிறந்தார். மற்றொன்று, ஆசிரியரின் ஆராய்ச்சி அவருடன் முடிவதில்லை. அவர் கேட்ட வினாவை மாணவர் ஏந்திச் செல்வர். தம் மக்களின் எதிர்காலத்தை எண்ணிக் கவலையுறும் பெற்றோர், மதிப்பெண்ணை மட்டும் நோக்காது, பிள்ளை கேட்கும் வினாவையும் செவிமடுப்பாராக.