சேப்பாக்கத்துக்கு நூறு வயது

சேப்பாக்கம் மைதானம் உருவானது 1916ல். 2016ல் அதற்கு நூறு நிறைந்தபோது, புதுவாயல் வீட்டுத் திண்ணையில் பேரனிடம் என் கதையைச் சொன்னேன்.

இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது அங்கேதான், 1952ல். வினூ மன்கட் 12 விக்கெட். அது அப்பா சொல்லிக் கேட்டது. நான் நேரில் பார்த்தது 1986 ஆஸ்திரேலியா டெஸ்ட். பார்த்தது என்றா சொன்னேன்?

செப்டம்பர் 22, கடைசி நாள். இலக்கு 348. கவாஸ்கர் 90ல் அவுட் ஆனதும், இரவு ஷிஃப்ட் இருந்ததால் எழுந்து வந்துவிட்டேன். சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு நிற்கையில், ஒருவரின் டிரான்சிஸ்டரைச் சுற்றிக் கூட்டம். ஒரு பந்து மிச்சமிருக்க மனிந்தர் எல்பிடபிள்யூ, இந்தியா 347. டெஸ்ட் வரலாற்றிலேயே இரண்டாவது டை!

"லீவு போட்டிருக்கலாமே தாத்தா?" என்றான் பேரன்.

ஒரு நாள் சம்பளம் போயிருக்கும். போனால்தான் என்ன!