வெட்டுண்டும் துளிர்க்கும் மரங்கள்

ஒரு நாட்டு மக்களின் நெஞ்சுரத்தை அவர்கள் விரும்பி வரைந்த மரங்களிலும் காணலாம். ஆலந்து நாட்டு ஓவியம் இதற்கு நல்ல சான்றாகும்.

1568 இல் ஸ்பெயின் ஆட்சிக்கு எதிராக அங்கே தொடங்கிய விடுதலைப் போர் எண்பது ஆண்டுகள் நீடித்தது. அதன் தலைவர் ஆரஞ்சு வில்லியம் 1584 இல் டெல்ஃப்ட் நகரில் கொலையுண்டார். பின்னர்த் தலைமையேற்ற அவர் மைந்தர் மாரிஸ் கொண்ட சின்னம் யாது? வெட்டுண்ட அடிமரம், அதில் ஒரு புதுத்துளிர். துளிர் ஒருநாள் மரமாகும் என்பது அதனுடன் பொறித்த இலத்தீன் வாசகத்தின் கருத்து.

அந்நாட்டு வாய்க்கால் ஓரங்களில் வில்லோ மரங்கள் வரிசையாக நிற்கும். கூடை முடையவும் வேலி கட்டவும் உழவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றின் தலையை வெட்டுவர். மரம் பருத்து, முண்டும் முடிச்சுமாகி, உள்ளே பொந்து விழும். ஆயினும் உச்சியில் புதுக்கிளைகள் பிறக்கும்.

இம்மரத்தை 1648 இல் ரெம்பிராண்ட் செப்புத்தகட்டில் செதுக்கினார். மூக்குக் கண்ணாடியுடன் எழுதும் ஜெரோம் முனிவர் சில கோடுகளில் அடங்க, முதுமரமே படத்தை நிறைக்கிறது. அதிலும் இலைகள் துளிர்க்கின்றன. மூன்று மழலைகளையும், 1642 இல் மனைவி சாஸ்கியாவையும் இழந்தவர் அவர். போர் முடிந்து அமைதி உடன்பாடு கண்டதும் அதே 1648 இல்தான். இவற்றை அவர் எண்ணி இணைத்தார் என்று நாம் கூறவில்லை. காண்போர் உள்ளம் இணைத்துக்கொள்கிறது.

234 ஆண்டுகளுக்குப் பின், தி ஹேக் நகரில் வறுமையில் வாழ்ந்த வின்சென்ட் வான்கோ, மணலில் பாதி பெயர்ந்தும் மண்ணைப் பற்றியிருக்கும் மரவேர்களை வரைந்தார். 'துயரம்' என்ற பெயரில் ஒரு பெண்ணின் உருவத்தையும் அதே 1882 இல் வரைந்தார். இரண்டிலும் வாழ்க்கைப் போராட்டத்தையே காட்ட முயன்றதாகத் தம்பி தியோவுக்கு எழுதினார். தலை வெட்டுண்ட வில்லோ வரிசை, ஆதரவற்ற முதியோர் இல்லத்தார் அணிவகுத்துச் செல்வதுபோல் அவருக்குத் தோன்றியது.

1890 ஜூலையில், பிரான்சு நாட்டு ஓவேர் சிற்றூரில், துயரம் தாளாது 37 ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் இறுதியாகத் தீட்டியது எனக் கருதப்படும் ஓவியமும் மரவேர்களே. பழைய அஞ்சலட்டை ஒன்றின் துணையால் அவ்விடத்தை 2020 இல் கண்டறிந்தபோது, ஓவியத்திலுள்ள பெரிய அடிமரம் இன்னும் அங்கேயே இருந்தது.

தீட்டிய கை ஓய்ந்து 130 ஆண்டுகள் கழிந்தும் வேர் மண்ணை விடவில்லை. தளர்ந்த வேளையில் நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது இது.