ஸ்தல ஸ்தாபனங்களும் பதினாறு வயதும்: டில்லி மாநகராட்சித் தேர்தலை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

வாக்குரிமைக்கு உரிய வயது பதினெட்டு என்பது நம் நாட்டில் விவாதத்துக்கு இடமற்ற சித்தாந்தம்போல் நிலைபெற்றுவிட்டது. ஆயினும் அரசியல் சட்டத்தின் 326-ஆவது ஷரத்தை ஊன்றிப் படிப்பவர்க்கு, அது லோக் சபைக்கும் ராஜ்யச் சட்டசபைகளுக்கும் நடைபெறும் தேர்தல்களைப் பற்றி மாத்திரமே விதி செய்கிறது என்பதும், நகரசபை, பஞ்சாயத்து ஆகிய ஸ்தல ஸ்தாபனங்களின் தேர்தலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை என்பதும் புலனாகும். 1992 டிசம்பரில் பார்லிமெண்டு நிறைவேற்றிய 73, 74-ஆவது திருத்தங்கள் இந்த ஸ்தாபனங்களுக்கு அரசியல் சட்டத்திலேயே ஓர் இடம் தந்தன. அவற்றில் போட்டியிடுவோர்க்கு இருபத்தொரு வயது போதும் என்றும் வரையறுத்தன. வாக்களிப்போரின் வயதையோ அவை சொல்லவில்லை. தேர்தல் சம்பந்தமான சகல விஷயங்களிலும் சட்டம் செய்யும் அதிகாரத்தை அந்தந்த ராஜ்யச் சட்டசபைகளுக்கு விட்டு, வாக்காளர் பட்டியலைத் தயாரிக்கும் மேற்பார்வையை ராஜ்யத் தேர்தல் கமிஷன்களிடம் ஒப்படைத்தன. டில்லியைப் பொறுத்தவரை, மாநகராட்சி அமைந்தது பார்லிமெண்டு செய்த 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தினால். அதன் வார்டுப் பட்டியல்கள் சட்டசபைத் தொகுதிகளின் பட்டியலை அடியொற்றியே தயாராகின்றன. ஆகவே பதினெட்டு என்ற எல்லை டில்லி வார்டுகளுக்கு அரசியல் சட்டத்தின் ஆணையாக வரவில்லை. பட்டியலின் வழியே வந்து சேர்ந்தது. சாதாரணச் சட்டத் திருத்தம் ஒன்றினாலேயே அதை மாற்ற இயலும் என்பதும், மாற்றிப் பதினாறாகக் குறைப்பது நியாயமும் அவசியமுமாகும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இது புதுமை மோகத்தால் பிறந்த யோசனை என்று கருதுவோர் 1988-ஆம் ஆண்டின் சரித்திரத்தை நினைவுகூர வேண்டும். வாக்குரிமை வயதை இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைக்கும் மசோதாவை அவ்வாண்டு டிசம்பரில் ராஜீவ் காந்தியின் சர்க்கார் கொண்டுவந்தபோது, அதன் நோக்க விளக்கத்தில் எடுத்துக்காட்டிய காரணங்களுள் ஒன்று, சில ராஜ்ய சர்க்கார்கள் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்களுக்குப் பதினெட்டு வயதை ஏற்கெனவே அனுஷ்டித்து வருகின்றன என்பது. லோக் சபைக்கு இருபத்தொன்றும் நகரசபைக்குப் பதினெட்டுமாக இருவேறு வயதுகள் இந்நாட்டில் ஒருங்கே வழங்கின. அதனால் குழப்பம் ஏதும் விளையவில்லை. ஸ்தல ஸ்தாபனங்களில் கண்ட அனுபவமே தேசம் முழுமைக்கும் முன்மாதிரியாயிற்று. ஜனாதிபதி ஆர். வெங்கட்ராமன் 1989 மார்ச் 28-இல் ஒப்புதல் அளிக்க, அது அரசியல் சட்டத்தின் 61-ஆவது திருத்தமாயிற்று. அன்று சென்ற பாதையில் இன்னும் ஒரு படி செல்வதையே இப்போது கேட்கிறோம்.

ஸ்தல ஸ்தாபனம் இத்தகைய பரீட்சைக்கு ஏற்ற களம் என்பதும் நம் நாட்டில் பழைய அபிப்பிராயமே. டில்லியில் நகரசபை ஏற்பட்டது 1863-இல். வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் பிரசித்தமான தீர்மானம் வெளிவந்தது 1882 மே மாதத்தில். அத்தீர்மானம் ஸ்தல சுயாட்சியை நிர்வாகத் திறமைக்காக மாத்திரம் வேண்டவில்லை. ஜனங்களுக்கு அரசியல் கல்வி தரும் சாதனமாகவே அதனைப் பிரதானமாகக் கருதியது. தொடக்கத்தில் தவறுகள் நேரும், அவற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமும் அதில் உண்டு. அந்நிய ஆட்சியாளன் ஒருவன் நம் முன்னோரிடம் காட்டிய அந்த நம்பிக்கையை, சுதந்திர நாட்டின் பிரஜைகளாகிய நாம் நம் சொந்தப் பிள்ளைகளிடம் காட்டத் தயங்குவது எவ்வகையில் பொருந்தும்?

சட்டம் சொல்லும் வயது ஒன்று. நடைமுறையில் ஒருவன் முதல்முறை வாக்களிக்கும் வயது வேறொன்று. இந்த வேற்றுமையைப் பற்றி நம்மவர் போதிய அளவு சிந்தித்ததாகத் தோன்றவில்லை. டில்லியில் 2017 ஏப்ரல் 23-இல் மாநகராட்சித் தேர்தல் நடந்தது. அதற்கு அடுத்தது, 2022 ஏப்ரலில் நடந்திருக்கவேண்டியது, மூன்றாகப் பிரிந்திருந்த மாநகராட்சிகளை ஒன்றாக்கிய சட்டமும், 272 வார்டுகளை 250 ஆகக் குறைத்த எல்லை வரையறையும் குறுக்கிட்டமையால் 2022 டிசம்பர் 4 வரை தள்ளிப்போயிற்று. பட்டியலில் சேரும் தகுதி அக்காலத்தில் ஆண்டுதோறும் ஜனவரி முதல் தேதியைக் கொண்டே கணக்கிடப்பட்டது. ஆதலால் 2017 ஜனவரி 2-ஆம் தேதி பதினெட்டு நிரம்பிய ஒரு பெண், அவ்வாண்டுத் தேர்தலில் வாக்களிக்க இயலாமல், தன் வார்டுக் கவுன்சிலரை முதல்முறை தேர்ந்தெடுத்தபோது அவளுக்கு ஏறத்தாழ இருபத்துநான்கு வயது ஆகியிருக்கும். சென்னையின் நிலை இதனினும் பரிதாபகரமானது. அங்கே 2011 அக்டோபருக்குப் பிறகு 2022 பிப்ரவரி 19 வரை மாநகராட்சித் தேர்தலே நடக்கவில்லை. 2011-இல் பதினேழு வயதுப் பள்ளி மாணவனாக இருந்தவன், உத்தியோகமும் குடும்பமும் அமைந்தபின், இருபத்தேழு வயதில்தான் தன் நகரத்தின் ஆட்சியில் முதல் பங்கு பெற்றான். தேர்தலைத் தாமதப்படுத்தும் கொடுமைக்கு வயதைக் குறைப்பது பரிகாரமன்று. அதற்கு வேறு மருந்து வேண்டும். எனினும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் தேர்தலில் பதினெட்டு என்ற எல்லை, காலம் தவறாமல் நடந்தாலும், பதினெட்டு முதல் இருபத்துமூன்று வரை பரந்து கிடக்கும் ஒரு காத்திருப்பாகவே அமைகிறது. பதினாறு என்று வைத்தால் மிக நெடுங்காலம் காத்திருப்பவனும் இருபத்தொரு வயதுக்குள் வாக்களித்துவிடுவான். அதாவது, சட்டத்தில் பதினாறு என்று எழுதினால்தான் நடைமுறையில் பதினெட்டை ஒட்டிய சராசரி ஒன்று கிட்டும்.

மாநகராட்சி செய்யும் காரியங்கள் யாவை? தெருக்களைப் பெருக்குவது, குப்பையை அகற்றுவது, சாக்கடைகளைச் சுத்தம் செய்வது, தெருவிளக்கு, பூங்கா, மருந்தகம், கொசு ஒழிப்பு, ஆரம்பப் பள்ளிகள், பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவையே. அயல்நாட்டுக் கொள்கையையோ நாணயச் செலாவணியையோ பற்றிப் பதினாறு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கேட்பது ஒருவாறு நியாயம். தன் தெருவைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும் என்று கேட்பதற்கு நியாயமே இல்லை. தந்தை அதிகாலையில் வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்புகிறார். தெருவை இரண்டு வேளையும் கால்நடையாக அளப்பவள் பள்ளி செல்லும் மகளே. டலாவ் என்று டில்லியில் வழங்கும் குப்பைக் கொட்டகையை மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பவள் அவள். மாலை டியூஷன் முடிந்து ஏழு மணிக்குத் திரும்பும்போது எந்தச் சந்தில் விளக்கு எரியவில்லை, எந்த மூலையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். வார்டுக் கவுன்சிலர் அறியவேண்டிய விவரங்களுள் பாதி அவளிடம் இருக்க, அவளைக் கேட்கவேண்டிய கட்டாயம் கவுன்சிலருக்கு இல்லை.

கிழக்கு டில்லியில் காஜிப்பூர் குப்பை மேடு 1984-இல் தொடங்கியது. 2002-லேயே அதன் கொள்ளளவு நிரம்பிவிட்டது. அதன்பின்னும் குப்பை வந்து குவிந்தபடி இருக்க, 2017 செப்டம்பர் 1-இல் மேட்டின் ஒரு பகுதி சரிந்து இருவர் உயிரைக் குடித்தது. வேனிற்காலந்தோறும் அது தீப்பற்றிப் புகைகிறது. அம்மேட்டின் அடிவாரத்தில் 2002-க்குப் பிறகு பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை, குப்பை வரக்கூடாத இடத்துக்குக் குப்பை வருவதை அன்றி வேறொன்றையும் கண்டதில்லை. கால் நூற்றாண்டில் தீர்க்கவேண்டிய பிரச்சினையை ஐந்தாண்டுக்கு ஒத்திவைக்கும் சபைகளுக்கு, எதிர்காலம் நீண்டிருப்பவர்களின் வாக்கு ஒரு கடிவாளமாகும்.

தமிழர்க்கு அணுக்கமான மற்றோர் உதாரணம் உண்டு. ஜங்புராவை அடுத்து, பாராபுல்லா வாய்க்கால் கரையில் தமிழர்கள் குடிசை கட்டி வாழ்ந்த மதராஸி கேம்ப், டில்லி உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2025 ஜூன் 1-இல் இடிக்கப்பட்டது. சுமார் 370 குடிசைகளில் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை என்று கணக்காயிற்று. அவ்வீடுகளோ நகரின் மறுகோடியில், நரேலாவில். அருகிலிருந்த பள்ளிகளில் படித்துவந்த பிள்ளைகளின் படிப்பு என்னாகும் என்பதே தாய்மாரின் முதற்கவலையாக இருந்தது. நீதிமன்றத்தின் ஆணையை ஒரு வார்டின் வாக்குகள் தடுத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. பல இலாகாக்கள் சேர்ந்து செய்த காரியத்துக்கு மாநகராட்சி ஒன்றையே பொறுப்பாக்கவும் இல்லை. ஆனால் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளே வாக்காளர்களாக இருந்திருந்தால், அவர்களுடைய பள்ளியைப் பற்றிய கேள்வி, வீட்டைப் பற்றிய கேள்விக்குப் பின்னால் வரும் உபகேள்வியாகத் தாழ்ந்திராது. டில்லியின் குடிசை மறுவாழ்வுக் கொள்கையில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதே குடியிருப்புக்கு முக்கியமான சாட்சியாகவும் கொள்ளப்படுகிறது என்பதை அறிந்தவர்கள், அந்தப் பட்டியலில் ஒரு பெயர் ஏறுவது ஏழைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் அறிவார்கள்.

பக்குவம் போதாது என்பதே பிரதான ஆட்சேபம். இதற்கு டில்லியே ஒரு பதிலை ஆக்கிவைத்திருக்கிறது. 2012 டிசம்பர் 16-இல் இந்நகரில், பதினெட்டு வயது நிரம்பாத ஒருவனும் சேர்ந்து, ஓர் இளம்பெண்ணுக்கு இழைத்த கூட்டுப் பாலியல் கொடுமைக்குப் பின், தேசமெங்கும் எழுந்த கொந்தளிப்பின் விளைவாக வந்த 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம், கொடுங்குற்றம் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்படும் பதினாறு முதல் பதினெட்டு வயதினரை, செயலின் விளைவை உணரும் ஆற்றல் அவர்களுக்கு இருந்ததா என்று ஆராய்ந்தபின், பெரியவர்களைப்போல் விசாரிக்க வழிசெய்தது. அச்சட்டம் சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆயினும், தண்டிக்கும் பொருட்டுப் பதினாறு வயதில் விவேகம் இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்ட ஒரு சர்க்கார், வார்டுக் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் பொருட்டு அவ்விவேகம் அவ்வயதில் இருக்கவே முடியாது என்று சாதிப்பது, நியாயத்தின் இரு தட்டுகளையும் ஒரே பக்கத்தில் தொங்கவிடுவதாகும்.

இங்கே குழந்தைகளின் நலத்தில் அக்கறை கொண்டவர்கள் எழுப்பும் ஓர் அச்சத்தை நான் மதிக்கிறேன். வாக்குரிமைக்குப் பதினாறு என்றால், நாளை விவாகத்துக்கும் அபாயகரமான தொழிலுக்கும் பதினாறு போதும் என்பார்களே என்பது அவர்கள் கவலை. நம் அரசியல் சட்டம் வயதை ஒரே கோடாக வரையவில்லை என்பதே இதற்கு விடை. நகரசபையில் போட்டியிட இருபத்தொன்று, லோக் சபைக்கு இருபத்தைந்து, ராஜ்ய சபைக்கு முப்பது, ஜனாதிபதி பதவிக்கு முப்பத்தைந்து என்று காரியத்துக்குத் தக்கபடி வயது வேறுபடுகிறது. அன்றியும், விவாகத்திலும் ஒப்பந்தத்திலும் ஒரு சிறுபிள்ளை செய்யும் பிழையின் சுமை முழுவதும் அப்பிள்ளையின் தலையிலேயே விழுகிறது. சுரண்டுவோர் காத்திருப்பதும் அதற்காகவே. வாக்கில் செய்யும் பிழையோ ஆயிரக்கணக்கான வாக்குகளுள் ஒன்றாகக் கரைந்துபோகிறது. முன்னதில் சட்டம் பிள்ளையைக் காக்கவேண்டும். பின்னதில் காப்பதற்கு எதுவும் இல்லை.

அயல்நாட்டு அனுபவம் முற்றிலும் ஒருமுகமானது அன்று. ஆஸ்திரியா தன் மாகாணங்கள் சிலவற்றில் நகரசபைத் தேர்தலில் முதலில் பழகிப் பார்த்து, 2007-இல் எல்லாத் தேர்தல்களுக்கும் பதினாறாகக் குறைத்தது. வியன்னா, கிரெம்ஸ் நகரங்களின் வாக்காளர் பட்டியல்களைக் கொண்டு செய்த ஆய்வு, பதினாறு, பதினேழு வயதினர் பதினெட்டு முதல் இருபது வயதினரைவிட மிகுதியாக வாக்களித்ததைக் காட்டிற்று. நார்வே 2011-இல் இருபது நகரசபைகளில் பரீட்சை செய்தபோதும் வாக்களிப்பு மிகுந்திருந்தது. ஆனால் வாக்குரிமை பெற்றதனால் அவ்வயதினரின் அரசியல் அறிவும் ஆர்வமும் வளர்ந்துவிடவில்லை என்று அங்கே ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். இதை மறைக்க வேண்டியதில்லை. வாக்குச்சீட்டு தானாக ஞானத்தைத் தராது. இருபத்தொன்றைப் பதினெட்டாக்கியபோதும் தரவில்லை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், மால்டா, பிரேஸில் ஆகியவை ஏற்றுக்கொண்ட இவ்வயதை, பிரிட்டிஷ் சர்க்காரும் 2025 ஜூலையில் தன் நாடு முழுமைக்கும் கொண்டுவரப்போவதாக அறிவித்திருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு அனுகூலமான ஒரு விசேஷம் உண்டு. 2024 லோக் சபைத் தேர்தலின்போது, பதினெட்டு, பத்தொன்பது வயதினருள் பத்துக்கு நால்வர்கூடப் பட்டியலில் பதிவு செய்துகொண்டிருக்கவில்லை. டில்லியில் அது நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. இருக்கும் உரிமையையே நாடாதவர்க்கு மேலும் உரிமை எதற்கு என்று சிலர் கேட்பர். பதினெட்டு வயது என்பது பள்ளியை விட்டு, வீட்டை விட்டு, சில வேளை ஊரையே விட்டுப் பிள்ளைகள் சிதறும் வயது என்பதை அவர்கள் கருதவேண்டும். பதினாறில் அவர்கள் பெற்றோருடன் ஒரே முகவரியில் வாழ்கிறார்கள். பட்டியலைச் சரிபார்க்கும் சாவடி நிலை அதிகாரி பல இடங்களில் பள்ளி ஆசிரியரே. வாக்குச் சாவடியும் அநேகமாகப் பள்ளிக்கூடமே. தேர்தலுக்கு முதல்நாள் பெஞ்சுகளை ஓரமாக ஒதுக்கி, சுவரில் சாவடி எண்ணை ஒட்டும் அந்த அறை, மறுவாரம் திரும்பவும் பதினொன்றாம் வகுப்பாகிவிடுகிறது. பதினேழு வயதினர் முன்கூட்டியே மனுச் செய்துவைக்கலாம் என்று தேர்தல் கமிஷன் 2022-லேயே வழிவிட்டிருப்பதால், பள்ளியிலேயே பதிவு செய்யும் ஏற்பாட்டுக்குப் பாதி வேலை முடிந்தே இருக்கிறது.

கட்சிகள் பள்ளிக்குள் நுழையும் என்ற பயம் மட்டுமே என்னை நெடுநேரம் யோசிக்கவைத்தது. பள்ளி வளாகத்துக்குள் பிரசாரத்தையும் கட்சிச் சின்னங்களையும் முற்றத் தடைசெய்யும் தெளிவான விதி, வாக்குரிமையைத் தரும் அதே சட்டத்தில் இடம்பெறாவிட்டால், இச்சீர்திருத்தத்தை நான் ஆதரிக்கமாட்டேன்.

எஞ்சியிருப்பது அவசரமான ஒரு சட்டப் பிரச்சினை. ஒரே காலத்தில் எல்லாத் தேர்தல்களையும் நடத்துவதை ஆராய்ந்த ராம்நாத் கோவிந்த் கமிட்டி, 2024 மார்ச்சில் அளித்த அறிக்கையில், லோக் சபை, சட்டசபை, ஸ்தல ஸ்தாபனம் மூன்றுக்கும் ஒரே வாக்காளர் பட்டியல் வேண்டும் என்று சிபாரிசு செய்தது. செலவும் பிழையும் குறையும் என்பது மெய்தான். ஆனால் அதை அப்படியே ஏற்றால், ஸ்தல ஸ்தாபனங்களுக்கு வேறு வயதை வகுக்க 1992 முதல் திறந்தே இருக்கும் வழி, யாரும் விவாதிக்காமலே அடைபட்டுவிடும். பொதுப் பட்டியலுடன், வார்டுத் தேர்தலுக்கு மாத்திரம் செல்லுபடியாகும் அநுபந்தமாகப் பதினாறு, பதினேழு வயதினரின் பட்டியல் ஒன்றைச் சேர்க்க இடம் வைத்தே, ஒரே பட்டியலைக் கொண்டுவரும் அரசியல் சட்டத் திருத்தம் எழுதப்படவேண்டும். டில்லி மாநகராட்சிக்கு அடுத்த தேர்தல் 2027-இல் வருகிறது. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவைத் திருத்தவும், டில்லித் தேர்தல் கமிஷன் அந்த அநுபந்தத்தைத் தயாரிக்கவும் அதற்குள் அவகாசம் உண்டு. லட்சுமிபாய் நகரிலும் சரோஜினி நகரிலும் குடியிருப்போர் விஷயம் தனி: அவர்கள் வசிக்கும் புது டில்லி முனிசிபல் கவுன்சிலுக்கு வார்டுத் தேர்தலே கிடையாது, அங்கே பதினாறு வயதினருக்கு மட்டுமன்றி அறுபது வயதினருக்கும் இந்த உரிமையை இனிமேல்தான் கேட்டுப் பெறவேண்டும்.