சிட்சை என்னும் சொல்லின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன் நமக்குத் தில்லியிலிருந்து புனே நகருக்கு மாற்றல் ஆயிற்று. தில்லியில் நான்காம் வகுப்பு முடித்திருந்த நம் மகள் புதிய பள்ளியில் சேர்ந்து இரண்டு வாரங்கள்கூட ஆகவில்லை. ஒருநாள் மாலை அவள் முகமலர்ச்சியோடு வீடு திரும்பினாள். "இன்று நான் மராத்தி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு போகவில்லை, அப்பா. டீச்சர் கோபித்துக்கொள்ளவே இல்லை. நாளைக்கு எனக்கு மட்டும் தனியாக சிக்ஷா தருகிறேன் என்று சொன்னார்கள்" என்றாள். கையில் இருந்த வேலையில் கண்ணாக இருந்த நாமும், "மிக நல்லது" என்று சொல்லிவிட்டோம்.

மறுநாள் மாலை அவள் முகம் வாடியிருந்தது. எழுதாமற் போன பாடத்தைப் பத்து முறை எழுதும்படி ஆயிற்றாம். "சிக்ஷா என்றால் படிப்பு என்று நீங்கள்தானே எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்?" என்று கேட்டாள். ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழியில் பெயர்த்து, அதற்காக அரசிடம் ஊதியமும் பெற்றுவரும் நமக்கு, அந்தக் கேள்வி உறைக்கத்தான் செய்தது. தில்லியில் சிக்ஷா என்றால் கல்வி. மராத்தியில் அதே சொல்லுக்குத் தண்டனை என்று பொருள். இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாமே. சொல்லத் தவறியதை அன்று அவளுக்குச் சொன்னோம். நேயர்களும் இதனை அறிந்திருப்பது நலமென்று கருதி ஈண்டு கூறுகின்றோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். இரு மொழிகளில் ஒரே ஒலியோடு வழங்கும் சொற்களெல்லாம் உறவுடையன அல்ல. பால் என்றால் நமக்கு அருந்தும் பால், இந்தியில் தலைமயிர். இவ்விரண்டும் தற்செயலாக ஒலியில் ஒத்தவை. பிறப்பு வேறு, வளர்ப்பு வேறு. இத்தகைய சொற்களால் பெரிய தீங்கு நேர்வதில்லை. பால்காரரிடம் தலைமயிர் பற்றி யாரும் பேசப்போவதில்லை அன்றோ? ஒரு தாய் வயிற்றில் பிறந்து, வெவ்வேறு ஊர்களில் வாழ்க்கைப்பட்டு, குணம் மாறிப்போன சொற்களே நம்மை ஏமாற்றுகின்றன. சிக்ஷா அத்தகையது.

அச்சொல்லின் பிறப்பை நோக்குவோம். வடமொழியில் 'சக்' என்பது இயலுதல் என்னும் பொருளுடைய வினைப்பகுதி. நாம் அன்றாடம் வழங்கும் சக்தி என்னும் சொல் அதிலிருந்து பிறந்ததே. ஒரு செயலைச் செய்ய விரும்புதல் என்னும் வேட்கைப் பொருளை உணர்த்துவதற்கு வடமொழி இலக்கணத்தில் தனியானதொரு வினையமைப்பு உண்டு. 'சக்' அவ்வமைப்பில் 'சிக்ஷ்' என்றாகும். ஆகவே சிக்ஷா என்பதன் வேர்ப்பொருள், ஆற்றல் பெற விழைதல் என்பதாம். இயலாததை இயலச் செய்துகொள்ள வேண்டும் என்னும் ஆசையே கல்வி என்று பண்டையோர் கருதினர் போலும்.

இவ்வமைப்பில் பிறந்த பிற சொற்களும் நமக்குப் பழக்கமானவையே. பிக்ஷை, பங்கு பெற விரும்புதலிலிருந்து வந்தது. மருத்துவமனையில் நாம் பெறும் சிகிச்சையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தது. நோயாளிக்கு அருகிருந்து செய்யும் பணிவிடையைச் சுசுருஷை என்கிறோம். அதன் முதற்பொருள் கேட்க விரும்புதல் என்பது. ஆசிரியர் சொல்லைக் கேட்க விரும்பியவன் அவருக்குக் கீழ்ப்படிந்தான். கீழ்ப்படிந்தவன் பணிவிடை செய்தான். அப்பணிவிடை நாளடைவில் நோயாளியின் கட்டிலருகே வந்து சேர்ந்தது. சொற்கள் இவ்வாறு அடிமேல் அடிவைத்து நெடுந்தொலைவு நடக்கின்றன. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே தொலைவு சிறிது. புறப்பட்ட இடத்திற்கும் சேர்ந்த இடத்திற்கும் இடையிலோ பெரிது.

சிக்ஷாவும் அவ்வாறே நடந்தது. வேதத்தின் ஆறு அங்கங்களுள் ஒன்று சிக்ஷை. எழுத்துகளின் ஒலிப்பையும் அளவையும் பிழையின்றிக் கற்பிக்கும் நூல் அது. தைத்திரீய உபநிடதத்தின் முதற் பகுதிக்கும் இதுவே பெயர். கல்வி முடித்து இல்லம் திரும்பும் மாணவனுக்கு ஆசிரியர் கூறும் புகழ்பெற்ற அறிவுரை அப்பகுதியில்தான் வருகிறது. பாலி மொழியில் இச்சொல் சிக்கா ஆயிற்று. பௌத்தர்கள் ஏற்கும் ஐந்து ஒழுக்கங்களுக்குச் சிக்காபதம் என்று பெயர். இங்கே கற்றலோடு அடக்கமும் சேர்ந்துவிட்டது. கற்பது என்றால் தன்னைக் கட்டுப்படுத்திக் கொள்வதும் ஆகும் என்னும் கருத்து இதில் அமைந்திருக்கிறது.

தன்னைத் தான் அடக்குவதிலிருந்து, பிறர் நம்மை அடக்குவதற்கு ஓரடிதான் தூரம். திருத்துவதற்காகக் கற்பித்தவர், திருந்தாதவனைத் தண்டித்தார். தண்டித்ததற்கும் அதே பெயர் நின்றது. வடமொழி அகராதிகள் கற்பித்தலோடு தண்டித்தலையும் இச்சொல்லின் பொருளாகத் தருகின்றன. பின்னர் ஒவ்வொரு நாட்டுமொழியும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது. இந்தி, வங்காளம், ஒடியா ஆகியவை கல்வியை எடுத்துக்கொண்டன. மராத்தி, கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகியவை தண்டனையை எடுத்துக்கொண்டன. ஆதலின், இது வடக்கு தெற்கு என்னும் பிரிவன்று. வடமொழிவழி வந்த மராத்தி இதில் தென்மொழிகளோடு நிற்கிறது.

தண்டனையை எடுத்துக்கொண்ட மொழிகள் கல்வியை முற்றும் கைவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. மராத்தியில் சிக்ஷா தண்டனை, சிக்ஷண் கல்வி. கன்னடத்தில் சிக்ஷெ தண்டனை, சிக்ஷண கல்வி, சிக்ஷகர் ஆசிரியர். தெலுங்கில் சிக்ஷ தண்டனை, சிக்ஷண பயிற்சி. ஈற்றில் ஓரெழுத்து கூடினால் பிரம்பு புத்தகமாகிவிடுகிறது. பெங்களூரிலும் ஐதராபாத்திலும் வாழும் நம்மவர் இவ்வோரெழுத்தின் அருமையை நன்கு அறிவர்.

தமிழ் என்ன செய்தது? பிறமொழிச் சொல்லை ஏற்கும்போது அதனைத் தன் ஒலிமரபுக்கு இணங்கச் செய்துகொள்ளும் வழக்கம் நம் மொழிக்கு மிகப் பழமையானது. தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொற்களை நால்வகையாகப் பகுத்தபோது வடசொல்லுக்கும் ஓர் இடம் தந்து, அது தமிழெழுத்தோடு பொருந்தி வர வேண்டிய முறையையும் வகுத்தார். பக்ஷி பட்சி ஆனது போலவும், லக்ஷம் இலட்சம் ஆனது போலவும், சிக்ஷை நம்மிடம் சிட்சை ஆயிற்று. சங்கீத வித்துவான்கள் இன்னாரிடம் சிட்சை பெற்றோம் என்று சொல்லும்போது அதற்குப் பயிற்சி என்று பொருள். கிறித்தவர்களின் தமிழ் வேதாகமத்தில் அச்சொல் தந்தை மகனைத் திருத்துவதற்காகக் கண்டிப்பதைக் குறிக்கிறது. இரு பொருளையும் நாம் வைத்திருந்தோம். எனினும் இரண்டிற்கும் அது நமக்கு இன்றியமையாததாக இருக்கவில்லை. கற்பதற்குக் கல்வி என்னும் நம் சொந்தச் சொல் இருந்தது. திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் தலைப்பே அது. தண்டிப்பதற்கோ, கோல் என்னும் பொருளுடைய தண்டம் என்னும் மற்றொரு வடசொல் தண்டனையாக வந்து நிலைத்துவிட்டது.

இதனால் நம் பணியில் நேரும் இடர்ப்பாட்டையும் சொல்ல வேண்டும். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நடுவணரசு 'சர்வ சிக்ஷா அபியான்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. எல்லார்க்கும் கல்வி அளிப்பதே அதன் நோக்கம். அப்பெயரை அப்படியே படித்த மலையாளிகள், "எல்லார்க்கும் தண்டனையா?" என்று நகையாடினர். தமிழில் அது 'அனைவருக்கும் கல்வி இயக்கம்' என்று பெயர் பெற்றமையால் அந்நகைப்புக்கு இடமில்லாது போயிற்று. பெயரை ஒலிபெயர்ப்பது எளிது. பொருள் பெயர்ப்பதற்கு அரை மணி நேரம் சிந்திக்க வேண்டும். தன் குழந்தைக்கு அரசு என்ன தருகிறது என்பதை ஒரு தாய் பெயர்ப்பலகையைப் பார்த்தே அறிந்துகொள்ள வேண்டுமாயின், அவ்வரை மணி நேரம் செலவிடத் தக்கதே.

குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் இந்திப் பெயரில் சிக்ஷா என்னும் சொல் கல்வி என்னும் பொருளில் நிற்கிறது. மராத்திப் பெயரிலோ சிக்ஷண் என்று மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு, எந்தக் குழந்தையையும் உடலால் தண்டிக்கவோ உள்ளத்தால் துன்புறுத்தவோ கூடாதென விலக்குகிறது. நெடுங்காலமாக ஒரே சொல்லுக்குள் ஒட்டிக்கிடந்த படிப்பையும் பிரம்பையும் இச்சட்டம் பிரித்து வைத்திருக்கிறது. சொல்லின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு, அப்பிரிவு எவ்வளவு பழைய முடிச்சை அவிழ்க்க முயல்கிறது என்பது விளங்கும்.

ஏனெனில் அம்முடிச்சு எல்லா மொழிகளிலும் விழுந்திருக்கிறது. "அவனுக்குப் பாடம் கற்பிக்கிறேன் பார்" என்று தமிழில் ஒருவர் சொன்னால் அது கல்வியைப் பற்றிய பேச்சன்று. சிக்ஷாவைக் கல்வியாகவே போற்றும் இந்தியிலும், 'சபக் சிகானா', அதாவது பாடம் கற்பித்தல், என்றால் தண்டித்தல்தான். அந்தச் 'சிகானா' நம் சிக்ஷாவின் வழித்தோன்றலே. மாணவனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு உறவுடைய டிசிப்ளின் என்னும் ஆங்கிலச் சொல்லும் கட்டுப்பாடு, கண்டிப்பு என்றெல்லாம் பொருள் பெற்றது. ஆகவே, இவர்கள் சொல்லைத் தவறாக வழங்குகிறார்கள் என்று எவரும் எவரையும் பார்த்து நகைப்பதற்கில்லை.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது சிறு செய்தியன்று. அவசரம் என்றால் நாம் விரைகிறோம். தெலுங்கருக்கு அது தேவை. இந்தியிலும் மலையாளத்திலும் அது வாய்ப்பு. உபந்நியாசம் என்றால் நாம் சொற்பொழிவு கேட்கப் போகிறோம். வங்காளியோ நாவலைக் கையில் எடுக்கிறார். இத்தகைய சொற்களில் தெரிந்த சொல்தானே என்னும் துணிவே நம்மைத் தடுக்கி விழச் செய்கிறது. தெரியாத சொல்லைக் கேட்டால் பொருள் என்னவென்று வினவுகிறோம். தெரிந்த சொல்லுக்கு வினவுவதில்லை. புதிய ஊரில் தெரிந்த சொல்லுக்கும் ஒருமுறை பொருள் கேட்பது நல்ல பழக்கம். நம் குழந்தைகளுக்கும் அதனைச் சொல்லி வைப்போமாக.

இவற்றையெல்லாம் கேட்ட நம் மகள் இறுதியில், "அப்படியானால் எது சரியான அர்த்தம், அப்பா?" என்று வினவினாள். நீ எந்த ஊரில் நிற்கிறாயோ அந்த ஊராரின் பொருளே அங்குச் சரி என்றோம். அவள் சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, "பத்து முறை எழுதியதில் அந்தப் பாடம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. டீச்சர் கொடுத்தது தில்லி சிக்ஷாவா, புனே சிக்ஷாவா?" என்றாள். இதற்கு மட்டும் நம்மிடம் விடை இல்லை.