குப்பைக் கடிதமும் எய்ரோவும்: லாத்விய மொழிக்குள் வந்த ஆங்கிலம்

அழைக்காமலே வந்து குவியும் விளம்பர மெயில்களை உலகத்தில் பல மொழிக்காரர்கள் 'ஸ்பாம்' என்றே சொல்லிவிட்டுப் போகிறார்கள். லாத்விய மொழியில் இதற்குத் தனியாக 'மேஸ்டுலே' என்று ஒரு சொல் உண்டு. அந்த மொழியில் 'வேஸ்டுலே' என்றால் கடிதம். 'மேஸ்லி' என்றால் சாணம், குப்பை. கடிதத்தின் முதல் எழுத்தை மட்டும் மாற்றினார்கள், குப்பைக் கடிதம் பிறந்துவிட்டது! விளக்கவுரை எதுவும் தேவையில்லை, கேட்ட உடனே புரிந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'வேஸ்டுலே' என்ற சொல்லே அப்படியொன்றும் பழையது அல்ல. 19ஆம் நூற்றாண்டில் சில படித்த இளைஞர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது. அதற்கு முன் கடிதத்துக்கும் புத்தகத்துக்கும் சேர்த்து 'கிராமட்டா' என்ற ஒரே சொல்தான். அதுவும் ஸ்லாவிய மொழியிலிருந்து வந்த இரவல்.

ஏன் இந்த நிலை என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். லாத்வியா பால்டிக் கடலோரத்தில், எஸ்டோனியாவுக்கும் லித்துவேனியாவுக்கும் நடுவே உள்ள சிறிய நாடு. 13ஆம் நூற்றாண்டு முதல் அங்கே நிலம், நகரம், தேவாலயம், பள்ளி எல்லாம் ஜெர்மானியர் கையில். பின்னால் ஸ்வீடன், போலந்து, ரஷ்யா என்று அரசுகள் மாறினாலும் ஜமீன்தார்கள் மாறவில்லை. லாத்விய மொழி குடியானவனின் மொழி. அதை எழுத்துக்குக் கொண்டுவந்தவர்களே பெரும்பாலும் ஜெர்மானியப் பாதிரிமார்கள்தான். அலூக்ஸ்னே என்ற ஊரில் இருந்த எர்ன்ஸ்ட் க்ளூக் பைபிளை மொழிபெயர்த்தார். புதிய ஏற்பாடு 1685இல் அச்சானது. வேலை முடிந்த நினைவாக அவர் ஓக் மரம் நட்டார் என்பது அந்த ஊரின் பெருமை.

குடியானவனின் மொழியில் பைபிள் சொல்லலாம், கவிதை சொல்ல முடியுமா? முடியும் என்று காட்ட யூரிஸ் அலுனான்ஸ் என்ற மாணவர் 1856இல் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். பிற மொழிக் கவிதைகளின் லாத்விய மொழிபெயர்ப்புகள் அவை. ஒரு ஜெர்மானியப் பாதிரியார் 'இளம் லாத்வியா'வாம் என்று கேலி செய்து எழுதினார். கேலிப் பெயரே பிறகு இயக்கத்தின் பெயராகிவிட்டது! அலுனான்ஸும், அவருக்குப் பின் வந்த பள்ளி ஆசிரியர் அடிஸ் க்ரோன்வால்ட்ஸும், அவர்களைச் சேர்ந்தவர்களும் நூற்றுக்கணக்கில் சொற்களை உருவாக்கினார்கள். வரலாறு என்பதற்கு 'வேஸ்டுரே'. எதிர்காலத்துக்கு 'நாக்கொட்னே', அதாவது வரப்போவது. இன்று இவை இல்லாமல் ஒரு லாத்வியச் செய்தித்தாள் வெளிவர முடியாது. அலுனான்ஸ் 31 வயதிலும் க்ரோன்வால்ட்ஸ் 37 வயதிலும் இறந்துபோனார்கள். அந்தக் குறுகிய ஆயுளில் இவ்வளவு. (லாத்வியர்களின் உரிமைக்காக க்ரோன்வால்ட்ஸ் 1872இல் எழுதிய முக்கியமான புத்தகம் ஜெர்மன் மொழியில் இருந்தது. யார் படிக்க வேண்டுமோ அவர்களுக்குப் புரிய வேண்டுமே!)

எல்லா இரவல் சொற்களையும் விரட்டிவிட்டார்களா என்றால், இல்லை. சமையலறைக்கு ஜெர்மன் வழி வந்த 'க்யேக்யிஸ்' பேச்சு வழக்குக்கு இறங்கியது. பக்கத்து லித்துவேனிய மொழியிலிருந்து எடுத்த 'விர்டுவே' அந்த இடத்துக்கு வந்தது. ஆனால் சுதந்திரமான என்று பொருள் தரும் 'ப்ரீவ்ஸ்' அப்படியே நின்றுவிட்டது. அது பழைய ஜெர்மன் சொல். ரீகா நகரின் நடுவே 1935இல் எழுப்பிய சுதந்திரச் சின்னத்தின் மேல் பொறித்திருப்பதும் அந்தச் சொல்லின் வழி வந்ததுதான். யாரிடமிருந்து சுதந்திரம் கேட்டார்களோ அவர்களின் சொல்!

1918இல் நாடு பிறந்தது. அடுத்த வருடமே கலைச்சொற்களுக்காக ஓர் ஆணையம் அமைத்தார்கள். 1940இல் சோவியத் படைகள் வந்தன. அதன் பிறகு அரை நூற்றாண்டு அலுவலகமும் தொழிற்சாலையும் ரஷ்ய மொழியில் நடந்தன. 1989 கணக்கெடுப்பில் சொந்த நாட்டில் லாத்வியர்கள் 52 சதவீதம் மட்டுமே. சொற்களைப் பற்றி அங்கே ஏன் இவ்வளவு பதறுகிறார்கள் என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதும். 1988இல் லாத்விய மொழி ஆட்சிமொழி என அறிவிக்கப்பட்டது, 1991இல் சுதந்திரம் திரும்பக் கிடைத்தது. மூச்சு விடுவதற்குள் ஆங்கிலம் வந்து நின்றது.

ஆங்கிலச் சொல்லை லாத்விய மொழி சும்மா உள்ளே விடுவதில்லை, முதலில் வால் ஒட்டும். ஆண்பால் பெயர்ச்சொல் பெரும்பாலும் 'ஸ்' என்றும், பெண்பால் 'ஆ' அல்லது 'ஏ' என்றும் முடிய வேண்டும். அப்போதுதான் தமிழில் ஐ, கு, இல் சேர்ப்பது போல வேற்றுமை சேர்க்க முடியும். 'பிசினஸ்' ஏற்கனவே ஸ்-இல் முடிந்தாலும் இன்னொரு ஸ் போட்டார்கள். ஆங்கிலத்தில் 'சிப்ஸ்', 'ஜீன்ஸ்' இரண்டும் பன்மை. அவை தெரியாமல் உள்ளே வந்து 'சிப்ஸி', 'ஜின்ஸி' என்று பன்மைக்கு மேல் பன்மை ஆயின. ஆட்களின் பெயரும் தப்பாது. ஷேக்ஸ்பியர் அங்கே 'ஷெக்ஸ்பீர்ஸ்'. ஜெர்மானியரை மணந்த ஒரு லாத்வியப் பெண், பாஸ்போர்ட்டில் கணவரின் குடும்பப் பெயரையும் இப்படி மாற்றி எழுதிவிட்டார்களே என்று ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 2004இல் நீதிமன்றம் அவர் மனுவை ஏற்கவில்லை. மொழியைக் காக்க அரசு சொன்ன காரணம் செல்லும் என்றது. அந்தப் பெண்ணின் பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

புதுச் சொல் படைக்கும் வேலையும் நிற்கவில்லை. மடிக் கணினிக்கு மடி என்ற சொல்லையே வைத்து 'க்லேப்ய்டாடர்ஸ்'. இணைய வலைக்குச் சிலந்தி வலையைக் குறிக்கும் 'டீமெக்லிஸ்'. தொலைபேசிக்கு 'டால்ருனிஸ்', தொலைவு + பேச்சு. எழுத்தில் டால்ருனிஸ் இருந்தாலும் பேச்சில் 'டெலிஃபோன்ஸ்' போகவில்லை. செல்ஃபிக்கு 'பஷ்பில்டே', தன் படம். அசல் லாத்வியச் சொல் போலத் தெரியும் இதில் 'பில்டே' ஜெர்மன்!

மரபுத்தொடர்களில்தான் ஆபத்து அதிகம் என்று தோன்றும். உண்மையில் அங்கே பயம் குறைவு. ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு பறவைகள், லாத்விய மொழியில் ஒரே சூட்டில் இரண்டு முயல்கள். பார்க்காமல் பொருள் வாங்கினால் ஆங்கிலேயன் சாக்கில் வாங்குவது பன்றி, லாத்வியன் வாங்குவது பூனை. விஷயத்தைச் சொல்லாமல் சுற்றி வளைப்பவன் சூடான கஞ்சியைச் சுற்றும் பூனை. பொய் சொல்பவன் 'குட்டி வாத்துகளை ஊதுகிறான்'. இவற்றை எந்த மொழிபெயர்ப்பாளரும் வார்த்தைக்கு வார்த்தை மாற்ற மாட்டார், கண்ணில் படும் வேற்றுமை அது. கண்ணில் படாமல் நுழைபவை சாதாரணச் சொற்கள். விலாசம் எழுதுவதற்கான 'அட்ரெஸேட்' என்ற வினை, ஆங்கிலத்தைப் பார்த்து, பிரச்சினையைக் கவனிப்பதற்கும் வந்துவிட்டது. உடையெல்லாம் லாத்வியம், உள்ளே இருப்பது ஆங்கிலம். மொழி அறிஞர்கள் அதிகம் திட்டுவது இந்த வகையைத்தான்.

கடைசியாகப் பணம். 2004இல் லாத்வியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. ஒன்றியமோ எல்லோரும் 'யூரோ' என்பதை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதச் சொன்னது. ஐரோப்பாவையே 'எய்ரோபா' என்று சொல்பவர்களுக்கு 'எவுரோ' வாயில் நுழையுமா? மக்கள் 'எய்ரோ' என்றார்கள். ஓ-வில் முடியும் சொல் வேற்றுமை ஏற்காது என்பதால் கலைச்சொல் ஆணையம் 'எய்ரா' என்றது. சண்டை பெரிதாகி, 2007இல் கையெழுத்தான லிஸ்பன் ஒப்பந்தத்தோடு லாத்வியா, ஹங்கேரி, மால்டா மூன்றும் ஓர் அறிவிப்பை இணைத்தன. ஒப்பந்தத்தில் உள்ள எழுத்துக்கூட்டல் எங்கள் மொழி விதிகளைக் கட்டுப்படுத்தாது என்பது அதன் சாரம். 2014 ஜனவரி 1 அன்று பழைய பணமான 'லாட்ஸ்' போய்ப் புதுப் பணம் வந்தது. சட்டப் புத்தகத்தில் 'எவுரோ', அதுவும் சாய்ந்த எழுத்தில், வேற்று மொழிச் சொல் என்று காட்ட. கடையில் 'எய்ரோ'. ஆணையம் இலக்கணம் பார்த்துச் செய்த 'எய்ரா'வை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.