கூண்டுக் கதவுக்கு வெளியே

1772-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் முங்கோ என்ற வளர்ப்பு அணில் செத்துப்போனது. அமெரிக்காவின் சாம்பல் அணில் அது. பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் மனைவி டெபோரா பிலடெல்பியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பியது. ஃபிராங்க்ளின் அதைத் தம் நண்பர் ஜானதன் ஷிப்லி என்ற ஆயரின் வீட்டுக்குக் கொடுத்திருந்தார். கூண்டைவிட்டு வெளியேறிய முங்கோவை ஒரு நாய் கவ்விக் கொன்றுவிட்டது. ஆயரின் மகள் ஜார்ஜியானாவுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 26-இல் ஃபிராங்க்ளின் எழுதிய ஆறுதல் கடிதத்தில், அணிலுக்கு ஒரு கல்லறை வாசகமும் எழுதிச் சேர்த்தார். பாதி கேலி, பாதி துக்கம். இருக்கும் சுகம் போதாதென்று கூடுதல் விடுதலை கேட்டால் இப்படித்தான் ஆகும் என்பது அதன் சாரம். நான்கே ஆண்டுகள் கழித்து அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் எழுதியது என்பதை நினைத்தால் சிரிப்பு வரும். ஆனால் அணிலைப் பொறுத்தவரை அவர் முடிவு தவறு. முங்கோவைக் கொன்றது விடுதலை அல்ல, அது கிடைத்த விதம். கையில் வளர்ந்த அணிலைக் காட்டுக்குத் திருப்பும் வேலையின் கடந்த 250 ஆண்டுகளைப் பார்த்தால், அணில் பிழைப்பதையும் மடிவதையும் முடிவு செய்தது பெரும்பாலும் வளர்த்தவரின் பாசமோ அணிலின் பழக்கமோ அல்ல; எந்த இடத்தில், எந்த ஏற்பாட்டோடு விட்டார்கள் என்பதுதான்.

வீட்டிலும் தென்னையிலும் அணில் தானே வந்து குடியேறும் நாட்டில் இருக்கும் நமக்கு, அமெரிக்க நகரங்களில் ஒரு காலத்தில் அணிலே இல்லை என்றால் நம்பச் சற்றுக் கடினம். காலனிக் காலத்தில் அங்கே அணிலுக்கு இரண்டே இடங்கள். ஒன்று காடும் அதையொட்டிய சோள வயலும். அங்கே அது பயிர்க்கொல்லி. 1749-இல் பென்சில்வேனியா அரசு ஒரு அணில் தலைக்கு மூன்று பென்ஸ் பரிசு கொடுத்தது. மற்றொன்று பணக்கார வீட்டுக் கூடம். கூட்டிலிருந்து குட்டியாக எடுத்து, சங்கிலி கட்டி வளர்ப்பார்கள். ஜான் சிங்கிள்டன் காப்லி 1765-இல் தன் தம்பி ஹென்றி பெல்லமை வரைந்த ஓவியத்தில் பையனின் விரல்கள் மெல்லிய தங்கச் சங்கிலியைப் பிடித்திருக்க, அதன் மறுமுனையில் மேசைமேல் ஒரு பறக்கும் அணில் கொட்டையைக் கொறித்துக்கொண்டிருக்கும். வயலில் சுடப்பட வேண்டியது, கூடத்தில் கொஞ்சப்பட வேண்டியது. இரண்டுக்கும் நடுவில், தெருவோர மரத்தில், அதற்கு இடமில்லை. 1856-இல் நியூயார்க் நகரசபைக் கட்டடத்தருகே ஒரு வளர்ப்பு அணில் தப்பி மரமேறியபோது அதை வேடிக்கை பார்க்க நூற்றுக்கணக்கானோர் கூடினார்கள் என்று அன்றைய நாளிதழ் செய்தி போட்டது. இன்று அந்த ஊரில் அணிலைப் பார்க்க யாரும் நடையை நிறுத்த மாட்டார்கள்.

நடுவில் நடந்தது என்ன என்பதை எட்டியன் பென்சன் என்ற வரலாற்றாய்வாளர் பழைய நாளிதழ்களையும் நகரப் பதிவுகளையும் துழாவி 2013-இல் விரிவாக எழுதினார். ஆவணத்தில் கிடைக்கும் முதல் விடுவிப்பு 1847-இல், பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் சதுக்கத்தில். (முங்கோவுக்காக வருந்தியவரின் பெயரே அந்த இடத்துக்கு வாய்த்தது தற்செயல்.) விடப்பட்டவை மூன்று அணில்கள். தீனி வைத்தார்கள், தங்கப் பெட்டிகள் கட்டிக் கொடுத்தார்கள். 1850-களில் பாஸ்டனும் நியூஹேவனும் பின்தொடர்ந்தன. பூங்காவுக்கு அழகு சேர்ப்பதுதான் நோக்கம். அணிலுக்கு நல்லது செய்வதாக யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. இந்த முதல் தலைமுறை 1860-களில் ஏறத்தாழ முற்றாக அழிந்தது. சில இடங்களில் போதிய இரை இல்லை. சில இடங்களில், அணில் பறவைகளை விரட்டுகிறது, பறவை குறைந்தால் மரத்தில் புழு பெருகும் என்ற அச்சம் கிளம்பி, விட்டவர்களே ஒழித்துவிட்டார்கள். நாலு பக்கமும் தெரு சூழ்ந்த சின்னச் சதுக்கம், எண்ணி வைத்தாற்போல் சில மரங்கள், மனிதன் வைத்தால் மட்டுமே தீனி. அங்கே அணில் காலூன்ற முடியாமல் போனதில் வியப்பில்லை.

அடுத்த அலை 1870-களில் வந்தது, அது வென்றது. அணில் மாறவில்லை, பூங்கா மாறியிருந்தது. நகர நடுவிலேயே காட்டுத்தோப்பு போலப் பரந்த நிலத்தை ஒதுக்கி, ஓக் முதலான கொட்டை மரங்களோடு வளர்க்கும் வழக்கம் அதற்குள் பரவிவிட்டது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் 1877-இல் கொஞ்சம் அணில்களை விட்டார்கள். 1883-இல் அங்கே 1,500 இருக்கும் என்று கணக்கிட்டார்கள். சிலவற்றைச் சுட்டுக் குறைக்கலாமா என்றுகூடப் பேச்சு எழுந்தது. ஹார்வர்டு வளாகத்திலும் வாஷிங்டன் நகரின் மால் திடலிலும் அணில்கள் வேரூன்றின. அவற்றுக்குத் தீனி போடுவது பிள்ளைகளுக்கு இரக்கம் கற்பிக்கும் வழி என்று எர்னஸ்ட் தாம்ப்சன் சீட்டன் போன்ற எழுத்தாளர்கள் வாதாடினார்கள். ஆக, இன்று அமெரிக்க நகரமொன்றில் கூட்டிலிருந்து விழுந்த குட்டியை எடுத்து வளர்த்து மரத்தில் விடுபவர் அதை ‘இயற்கையிடம்’ ஒப்படைப்பதாக எண்ணலாம். பெரும்பாலும் அவர் ஒப்படைப்பது யாரோ முன்பு நட்ட மரத்திடம், யாரோ முன்பு கொண்டுவந்து விட்ட அணில்களின் வழிவந்த கூட்டத்திடம்தான்.

அழகுக்காக விட்ட கதையைக் கருணைக்காக விடும் வேலைக்குச் சான்றாகக் காட்டலாமா என்று கேட்கலாம். நோக்கத்தில் இரண்டும் வேறு என்பதை மறுக்க முடியாது. 1847-இல் விட்டவர்களுக்கு ஒரு அணில் செத்தால் இன்னொன்று கொண்டுவரலாம். இன்று குட்டியை வளர்ப்பவருக்கு அந்த ஒன்றுதான் கணக்கு. ஆனால் செய்முறையில் அவை வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகின்றன. காட்டுயிர்களைக் குணப்படுத்தித் திருப்பி விடுவது அமெரிக்காவில் ஒரு தனித் துறையாக உருவெடுத்தது 1970-களில். சர்வதேசக் காட்டுயிர் மறுவாழ்வுக் குழு 1972-இல் பிறந்தது; தேசிய அளவிலான சங்கம் 1982-இல். அதற்கு முன்பு அவரவர் வீட்டுக் குளியலறையில் அவரவர் அறிந்தபடி வளர்த்துக்கொண்டிருந்ததற்கு மெல்ல ஒரு நடைமுறை வந்தது. அந்த நடைமுறையின் மையத்தில் இருப்பவை பிலடெல்பியாவில் மரத்தில் கட்டிய அதே இரண்டு பொருள்கள்: ஒரு மரப்பெட்டி, கொஞ்ச நாளைக்குத் தீனி.

நடைமுறையைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். பிறந்த சாம்பல் அணில் குட்டி 15 கிராம் தேறும்; மயிர் இல்லை, கண் மூடியிருக்கும், காது ஒட்டியிருக்கும். முதலில் அதற்குத் தேவை சூடு. குளிர்ந்த உடம்புக்குள் பாலை ஊற்றினால் செரிக்காது. பசும்பால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய்விடும் என்பதால் நாய்க்குட்டிக்கான பால்பொடியைக் கரைத்து, ஊசி இல்லாத சின்ன சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பார்கள். அவசரப்பட்டு அழுத்தினால் பால் மூக்கு வழியாக நுரையீரலுக்குப் போய்விடும். ஒவ்வொரு முறை ஊட்டியதும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவிவிட வேண்டும். தாய் நக்கிவிட்டுச் செய்கிற வேலை அது, அதைச் செய்யாவிட்டால் குட்டி சிறுநீரே கழிக்காது. கண் திறக்க நாலைந்து வாரம் ஆகும். பிறகு பருப்பும் சூரியகாந்தி விதையுமாகக் கொடுத்துக் கொஞ்சினால் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் எலும்பு வளைந்துபோகும்; கை வளர்ப்பில் மிகச் சாதாரணமாக வரும் கேடு இது. மூன்று மாதத்தை ஒட்டி, ஒத்த வயதுக் குட்டிகளோடு சேர்த்து வெளியே மரத்தடியில் ஒரு பெரிய கூண்டில் விடுவார்கள். வெயில், மழை, பருந்தின் நிழல், காக்கையின் கத்தல், இலையோடு வெட்டிப் போட்ட கிளை எல்லாம் அங்கே பழகும். சில வாரங்கள் கழிந்ததும் மழையில்லாத ஒரு காலையில் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். அவை தூங்கிப் பழகிய அதே பெட்டி பக்கத்து மரத்தில் இருக்கும். இரவுக்குத் திரும்பும் குட்டி திரும்பட்டும்; நாள் போகப் போக வருகை குறையும், பிறகு நிற்கும்.

இதற்கெதிராகச் சொல்லப்படும் முதல் வாதம்: தாய் கற்றுத்தராத குட்டிக்குக் காட்டில் பிழைக்கத் தெரியாது. பாதி உண்மை. ஆஸ்திரிய விலங்கியலாளர் ஐரேனியஸ் ஐப்ல்-ஐபெஸ்ஃபெல்ட் செவ்வணில் குட்டிகளை வெறும் கம்பிக் கூண்டில், நீர்ம உணவிலேயே வளர்த்தார். மண்ணையோ கொட்டையையோ அவை கண்டதில்லை. வளர்ந்ததும் முதன்முதலாகக் கொட்டை கொடுத்தபோது, வயிறு நிறைந்த பிறகு மிஞ்சியதை எடுத்துப்போய் வெறும் தரையைக் காலால் பறித்து, மூக்கால் இடித்து அமுக்கி, இல்லாத மண்ணைத் தள்ளி மூடின. புதைக்கும் வித்தை உடம்போடு பிறந்தது. ஆனால் கொட்டையை உடைக்கும் திறம் அப்படியல்ல. எந்த இழையில் பல்லை வைத்தால் ஓடு சுலபமாகப் பிளக்கும் என்பது பலமுறை கொறித்துத்தான் கை வந்தது. ஆகவே கேள்வி அணிலுக்குத் தெரியுமா தெரியாதா என்பதல்ல. தெரிந்ததைத் தீட்டிக்கொள்ள அதற்கு அவகாசம் இருந்ததா என்பதே. உரிக்காத கொட்டையும் கிளையும் கிடைக்கிற வெளிக்கூண்டு அந்த அவகாசத்தைத் தருகிறது. தோலுரித்த பருப்பு ஊட்டும் மடி தருவதில்லை.

இரண்டாவது வாதம் கேட்பதற்கு நியாயமாகவே படும்: இவ்வளவு பாடு எதற்கு, நல்ல அடர்ந்த காட்டுக்கு எடுத்துப்போய் விட்டால் அது தன் வழியைப் பார்த்துக்கொள்ளாதா? 1955-இல் அதிபர் ஐசனோவரின் கோல்ஃப் புல்வெளியைப் பறித்த வெள்ளை மாளிகை அணில்களைப் பொறிவைத்துப் பிடித்து வேறிடம் கொண்டுபோனபோதும் இதே நம்பிக்கைதான். (ஓரிகன் மாநில செனட்டர் ரிச்சர்டு நியூபெர்கர் மாளிகை அணில்களைக் காக்க நிதி திரட்டக் கிளம்பியதும், அமெரிக்க அரசியல் நகைச்சுவைக்குச் சில வாரம் தீனி கிடைத்ததும் தனிக்கதை.) அந்த நம்பிக்கையை 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு உடைத்தது. குடியிருப்புப் பகுதியில் பிடித்த 38 வளர்ந்த சாம்பல் அணில்களைப் பெரிய காட்டில் விட்டு, லோவெல் ஆடம்ஸும் உடன் ஆய்வாளர்களும் அவற்றைப் பின்தொடர்ந்தார்கள். 88 நாளுக்குள் 97 விழுக்காடு செத்திருந்தன அல்லது அந்த இடத்தைவிட்டு மறைந்திருந்தன. மறைந்தவை எல்லாம் செத்தவை என்று கொள்ள முடியாது என்பது சரி. அவை கையில் வளர்ந்தவையும் அல்ல. ஆனால் இந்த இரண்டாவது உண்மை வாதத்தைத் தளர்த்தவில்லை, இறுக்குகிறது. தானாக வாழத் தெரிந்த முழு வளர்ச்சி பெற்ற அணிலே, தெரியாத மரம், ஏற்கெனவே ஆளிருக்கும் எல்லை, புதைத்து வைத்த கொட்டை ஒன்றுகூட இல்லாத நிலம் என்று ஒரேயடியாகக் கிடைத்தால் நிலைகொள்ளாது என்றால், சிரிஞ்சில் பால் குடித்த குட்டியை அப்படி விடுவதை என்னவென்று சொல்வது?

விட்ட பிறகும் தீனி வைத்தால் பிச்சைக்காரனாகிவிடாதா என்ற ஐயத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. மனிதன் வைக்கும் தீனியை மட்டுமே நம்பியவை மரமில்லாத சதுக்கத்து அணில்கள்; ஓக் மரம் இருக்கும் இடத்தில் தீனித்தட்டு சில வாரங்களில் தானாகவே பயனற்றுப் போகும்.

உண்மையில் பதில் சொல்லக் கடினமான ஆட்சேபம் பிரிட்டனிலிருந்து வருகிறது. அங்கே சாம்பல் அணில் வந்தேறி. 1876-இல் செஷைரின் ஹென்பரி பூங்காவில் பிராக்கிள்ஹர்ஸ்ட் என்பவர் ஒரு ஜோடியை விட்டார். 1890-இல் பெட்ஃபோர்டு பிரபு வோபர்ன் மாளிகைத் தோட்டத்தில் விட்டதோடு நிற்காமல், தம் அணில்களை நாட்டின் பல ஊர்களுக்கும் அன்பளிப்பாக அனுப்பிவைத்தார். 1911-இல் அயர்லாந்தின் ஃபோர்ப்ஸ் கோட்டைத் திருமணத்துக்கு பிரம்புக் கூடையில் போன அணில்கள் கூடையைவிட்டு ஓடியதுதான் அந்தத் தீவு முழுவதும் பரவியதன் தொடக்கம் என்பார்கள். இவை எல்லாமே அன்பினால் செய்த காரியங்கள். விளைவு, உள்நாட்டுச் செவ்வணில் இங்கிலாந்தின் பெரும்பகுதியிலிருந்தே துடைக்கப்பட்டது. சாம்பல் அணில் தாங்கிக்கொள்ளும் அம்மை வைரஸ் செவ்வணிலுக்கு எமன். 1937-இலேயே சாம்பல் அணிலை இறக்குமதி செய்வதும் வைத்திருப்பதும் தடுக்கப்பட்டது. 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை வெளியே விடுவது குற்றம். காயம்பட்டதைக் குணமாக்கி விட மீட்பு நிலையங்களுக்கு இருந்த சிறப்பு அனுமதியும் 2019-ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு இங்கிலாந்தில் இல்லாமல் போயிற்று. தங்கள் கையில் உயிர்பிழைத்த குட்டியை விடவும் முடியாமல் கொல்லவும் மனமில்லாமல் மீட்பாளர்கள் கொதித்தது புரிந்துகொள்ளக் கூடியதே. விடப்படும் நாலைந்து குட்டிகளால், பத்து லட்சக்கணக்கில் இருக்கும் கூட்டத்தில் என்ன வந்துவிடும் என்று அவர்கள் கேட்பது எண்ணிக்கையில் சரி. ஆனால் இத்தாலியில், டூரின் அருகே ஸ்டுபினிஜியில் 1948-இல் விடப்பட்டவையும் நாலே அணில்கள்தாம். 1997-இல் அவற்றின் வழித்தோன்றல்களை ஒழிக்க முயன்றபோது விலங்குரிமை அமைப்புகள் வழக்குப் போட்டு நிறுத்த, அவை மேலும் பரவின. இடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்ற வாதத்தை அமெரிக்காவில் ஏற்பவர் பிரிட்டனிலும் ஏற்க வேண்டும்: பென்சில்வேனியாவில் விட வேண்டிய அதே குட்டியை செஷைரில் விடக் கூடாது. மீட்பாளர்களின் பக்கம் எனக்கு மனம் சாய்ந்தாலும் சட்டத்தின் பக்கமே நியாயம் இருக்கிறது.

வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் இந்த நியாயத்தைச் செயலில் காட்டியிருக்கிறார்கள். 1998-இல் அங்கே எஞ்சியிருந்த செவ்வணில்கள் சுமார் 40. சாம்பல் அணில்களைப் பிடித்து அகற்றும் வேலையை முதலில் தொடங்கினார்கள். நியூபரோ காட்டில் அவற்றின் தொல்லை ஓய்ந்த பிறகே, 2004-இல், கூண்டில் இனப்பெருக்கம் செய்த செவ்வணில்களைக் கொண்டுவந்தார்கள்.