புற்றும் செம்பனையும்

கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், துரைமாரையும் கங்காணிகளையும் பற்றிச் சொல்வதோடு, லயங்களின் ஓரத்தில் மனிதரை அடுத்து வசித்த சர்ப்பங்களையும் நினைவுகூர்வது நியாயமாகும். 1917ஆம் ஆண்டில், பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே, பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வர்த்தகச் செம்பனைச் சாகுபடியைத் தொடங்கினார். காலக்கிரமத்தில் ரப்பர் நின்ற நிலங்களிலும் செம்பனை பரவவே, பழத்தை நாடி எலியும், எலியை நாடி நாகமும் மலைப்பாம்பும் அங்கே வாசம் கொண்டன.

தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த தொழிலாளரோ, புற்றுக்குப் பால் வார்த்து முட்டை வைக்கும் சம்பிரதாயத்தையும் தம்முடன் கொண்டுவந்தனர். பால் பாம்பின் இயற்கை ஆகாரம் அன்று. அதிலும் சட்டை உரிக்கும் தருணம் நெருங்கும்போது, பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே திரவம் சுரந்து, கண்கள் நீலம் பாய்ந்து மங்கிவிடுவதால், பாம்பு பெரும்பாலும் இரையை வெறுத்து, ஈரமான மறைவிடத்தை நாடி ஒதுங்கும். தீண்டினால் எளிதில் சினமுறும். பாம்பு வளர்ப்போர் இன்றும் அந்நாட்களில் இரை கொடாமல், சுத்தமான நீரும் ஈரப்பதமும் ஏகாந்தமும் அளித்து, தோல் கழன்ற பின்னரே உணவிடுவது உத்தமம் என்பர்.

ஆகவே, புற்றடியில் வார்த்த பால் பாம்பின் பசியைத் தீர்க்கவில்லை. ஆயினும் புற்றை இடிக்கலாகாது, அங்கு உறைவதை அடிக்கலாகாது என்று அந்தப் பக்தி விதித்த கட்டுப்பாடு, சட்டை உரிக்கும் பாம்புக்கு மிகவும் வேண்டிய அமைதியை அளிக்க வல்லது. அக்கட்டுப்பாட்டை ஜீவகாருண்யத்தின் ஓர் அங்கமாகப் போற்றிக் காப்பது நம் கடமை.